இன்னொருத்தியின் அப்பா

ஜூன் 12

இன்று பட்டறையில் முழுக்கக் கழுவும் வேலை. மூன்று மூட்டை பழைய சர்க்யூட் போர்டுகள் வந்திருந்தன. டிவியிலிருந்து எடுத்தவை, கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தவை, எதிலிருந்து எடுத்தவை என்றே தெரியாதவை. ஜான்சி சூடான காற்றை ஊதி, ஆபத்தான பாகங்களைப் பெயர்த்தெடுப்பாள். நான் பச்சைப் பலகையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைப்பேன். காய்ந்ததும் அறுத்து, அடுக்கி, ரெசின் பசை ஊற்றினால் கடிகாரம் ஆகும், விளக்கு ஆகும், சுவரில் மாட்டுகிற படம் ஆகும். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் விமானத்திலிருந்து ஊரைப் பார்ப்பது போல இருக்கிறது என்கிறார்கள். நான் விமானத்தில் போனதில்லை. ஆனாலும் தலையாட்டுகிறேன்.

அறுக்கும்போது பறக்கிற தூள் கையெல்லாம் அரிக்கிறது. குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் ஊற்றினால் இன்னும் உள்ளே இறங்கும் என்று ஜான்சி சொன்னாள். அவள் எட்டாவதோடு நின்றவள். என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுகிறாள். "ஏ டிகிரி, எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டுப் பாத்திரம் கழுவறியே, இதுக்கு எங்கம்மாட்ட வந்திருந்தா சும்மாவே சொல்லிக் குடுத்திருக்கும்" என்றாள். சிரிப்பு வந்தது. வந்து சேர்ந்த இந்த ஒரு மாதத்தில் என்னைச் சிரிக்க வைத்தது அவள் ஒருத்திதான்.

மூட்டைகளைக் கொண்டுவருவது அவள் அப்பா, சூசையண்ணன். உக்கடத்திலிருந்து மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வருவார். குப்பைமேட்டில் பொறுக்கியே குடும்பத்தை வளர்த்தவர். இப்போது ரிப்பேர் கடைகளில் கேட்டு வாங்கி வருகிறார்.

அப்பா போன் செய்தார். தாராபுரம் - பல்லடம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே பேசினார். பக்கத்தில் யாரிடமோ, "என்ற புள்ளைங்க. டிகிரி. கோயமுத்தூர்ல வேலை" என்று சொல்வது எனக்கும் கேட்டது. வண்டி முழுக்கக் கேட்கிற கண்டக்டர் குரல். காலேஜுக்கு அவர் வண்டியில் போன மூன்று வருடமும் இந்தக் குரலுக்குப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பேன்.

ஜூன் 20

எழுதலாமா வேண்டாமா என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மதியம் சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். புது வீட்டு வரவேற்பறைக்குச் சுவர் நிறையப் படம் வேண்டுமாம். எங்கள் முதலாளி நளினா மேடம் அவர்களுக்குப் போர்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார். சூசையண்ணனைப் பற்றிச் சொன்னார். குப்பையில் பொறுக்கி மகளை வளர்த்தார் என்றார். அந்த அம்மா, "மகள் இங்கதான் இருக்காளா?" என்று கேட்டார். ஜான்சி பின்கட்டில் முகமூடி போட்டுக்கொண்டு புகையில் இருந்தாள். நான் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தேன். மேடத்தின் கை என் தோளில் வந்து விழுந்தது.

"இவதான். இந்த வருஷம் டிகிரி முடிச்சிருக்கா."

மறுக்க எனக்கு நேரம் இருந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் இருந்தது. அதற்குள் அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டுவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணைப் பார்த்து இல்லைங்க என்று எப்படிச் சொல்வது? நான் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெரிய படமாகவே எடுத்துக்கொண்டார்கள். போன பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றார். வாயில் அப்படி வந்துவிட்டதாம். "ரெண்டும் நிஜம்தானே பூவிழி. அவரும் நிஜம், உன் டிகிரியும் நிஜம். சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான்." அவருடைய டப்பாவிலிருந்து எனக்குப் பாதி சப்பாத்தி கொடுத்தார். நல்லவர். என் அப்பா கண்டக்டர் என்று அவருக்குத் தெரியும். இன்டர்வியூவில் நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 21

தலைவலி. லீவு கேட்க வாய் வரவில்லை. போனேன்.

ஜூன் 29

ஜான்சிக்குத் தெரிந்துவிட்டது. மேடம் அதே கதையை இன்னொருவரிடம் சொல்லும்போது பின்கட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் போர்டு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. "அப்ப நீ எனக்குத் தங்கச்சியா? சொல்லவே இல்லையே எங்கப்பன்" என்றாள். சாயங்காலம் சூசையண்ணன் மூட்டை இறக்க வந்தபோது, "அப்பா, உன் சின்ன மக நிக்கறா பாரு, தண்ணி கேளு" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாரு தாயி" என்று சொல்லிவிட்டு அண்ணாந்து குடித்தார். விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள்.

இன்று முழுவதும் ஜான்சி என்னைத் 'தங்கச்சி' என்றே கூப்பிட்டாள். டிகிரி என்று கூப்பிட மாட்டாளா என்றிருந்தது.

வாங்க வருகிறவர்கள் முன்னால் அவளை மேடம் ஏன் நிறுத்துவதில்லை என்று எனக்குத் தெரியும். அவள் பேசிவிடுவாள்.

ஜூலை 9

நெட்டில் போட மேடம் வீடியோ எடுத்தார். என் கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, "நீ பேச வேண்டாம், உனக்குக் கூச்சம்னு தெரியும். சும்மா நில்லு, போதும்" என்றார். பேச வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது அந்த நிம்மதியை நினைத்தால்தான் கூசுகிறது.

அவர் பேசியதை முழுவதும் கேட்டேன். குப்பைமேடு, மழைநாள், பட்டினி. "முதல்ல கை அறுபடும், அப்புறம் பழகிடும்னு இவங்க அப்பா சொல்வாராம்." அது சூசையண்ணன் ஒருநாள் மூட்டை இறக்கும்போது சொன்னது. என் முகம் குனிந்தே இருக்கிறது. வீடியோவில் அழுவது போலத் தெரிகிறது. நான் அழவில்லை, காலில் எறும்பு கடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள்.

ஜூலை 11

வீடியோவை இருபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று மேடம் கேக் வாங்கி வந்தார். ஜான்சி தன் பங்கை டப்பாவில் போட்டு அப்பாவுக்கு எடுத்துப்போனாள்.

ஜூலை 18

அப்பா போன் செய்தார். வண்டிச் சத்தம் இல்லை. வீட்டிலிருந்து பேசுகிறீர்களா என்றால், இன்றைக்கு டியூட்டிக்குப் போகவில்லை என்றார். உடம்புக்கு என்ன என்றால், ஒன்றுமில்லை என்றார். அப்பா டியூட்டிக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. வயதாகிறது, முட்டி வலியாக இருக்கும்.

"அங்க உன்ன மரியாதையா நடத்தறாங்களா கண்ணு?" என்று கேட்டார். நல்லபடியாக நடத்துகிறார்கள் என்றேன். பிறகு, "அந்த வேலை உனக்குப் புடிச்சிருக்குதா?" என்றார். பிடித்திருக்கிறது என்றேன். அது உண்மை. காய்ந்த பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே கோடு கோடாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"அப்பச் செரி" என்று வைத்துவிட்டார். மழை உண்டா, சாப்பாடு எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2

நாளை அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. எங்களுக்கும் ஒரு கடை. நானும் ஜான்சியும் விளக்குகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். போன வாரம் பேச்சுவாக்கில் அப்பாவிடம் கண்காட்சி என்று சொல்லிவிட்டேன். வரட்டுமா என்று இன்று கேட்டார். கூட்டமாக இருக்கும் அப்பா, வேண்டாம் என்றேன். மேடத்திடமும் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்பா வந்தால் அந்தக் குரலில் முதல் வார்த்தையிலேயே கண்டக்டர் என்று சொல்லிவிடுவார். மேடம் என்ன ஆவார்? எனக்கு இந்த வேலை போய்விடும்.

ஆகஸ்ட் 3

அப்பா வந்துவிட்டார்.

பதினொரு மணி வாக்கில் கூட்டத்துக்கு நடுவே தெரிந்தார். முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய சட்டைதான். அப்பா வெளியே கிளம்பினால் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான். ஒரு கசங்கல் இருந்தாலும் அம்மாவை விடமாட்டார். இன்றோ காலர் நைந்த, பழுப்பு ஏறிய ஏதோ ஒரு சட்டை. ஒரு பட்டன் வேறு நிறத்தில் இருந்தது. காலில் ரப்பர் செருப்பு. அம்மா எப்படி இவரை இந்தக் கோலத்தில் அனுப்பினாள் என்று எரிச்சலாக வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது அதுதான் தோன்றியது: யாரும் பார்ப்பதற்குள் ஓரமாகக் கூட்டிப்போய்விட வேண்டும்.

அதற்குள் சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெண்மணி எங்கள் கடைக்கு வந்துவிட்டார். ஏதோ மில் வைத்திருப்பவர்களின் குடும்பம். வீடியோ பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, என் பக்கத்தில் வந்து நின்றிருந்த அப்பாவைப் பார்த்து, "இவங்கதான் உங்க அப்பாவா?" என்றார்.

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது.

அப்பா கையைக் கூப்பினார். "ஆமாங்க" என்றார். மெல்லிய குரலில். அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்த அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீர்களே என்றார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல கை அறுபடுமுங்க. அப்பறம் பழகிப்போகுமுங்க" என்றார்.

வீடியோவில் மேடம் சொன்ன அதே வாக்கியம்.

யாரோ கை தட்டினார்கள். யாரோ போன்களைத் தூக்கினார்கள். விருந்தினருக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையை அந்த அம்மா வாங்கி அப்பாவுக்குப் போர்த்தினார். நைந்த காலர் மேல் ஜரிகை. அப்பா குனிந்து அதை வாங்கிக்கொண்டார். ஐம்பது பேர் முண்டியடிக்கிற வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே நிற்பவர், குனிந்து நின்றார்.

பெட்டிகளுக்குப் பின்னால் ஜான்சி டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் பாதிச் சரக்கு தீர்ந்தது. மேடம் அப்பாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்து, சூசையண்ணனையும் ஜான்சியையும் பற்றிச் சொல்லி, மன்னிச்சிருங்க சார் என்று முணுமுணுத்தார். அப்பா, "அட, உடுங்க" என்றார். பிறகு பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஜான்சியிடம், "நீதான அவரு புள்ள?" என்று கேட்டு, பொன்னாடையை மடித்து நீட்டினார். "உங்கப்பாருகிட்டக் குடுத்துரு சாமி. அவருதுதான்."

"எங்கப்பா துண்டே போடாதுங்க, கழுத்துல உறுத்தும்னு சொல்லும்" என்றாள் ஜான்சி. ஆனால் வாங்கிக்கொண்டாள். விற்காமல் மீந்த பெரிய விளக்கை அதில் சுற்றி டெம்போவில் ஏற்றினாள்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரை அப்பாவுடன் போனேன். என்னென்னவோ சொல்ல நினைத்தேன். அவர் எந்த வண்டியில் சீட் கிடைக்கும், எந்த டிரைவர் நன்றாக ஓட்டுவான் என்றே பேசிக்கொண்டு வந்தார். படியில் ஏறியதும் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"செரியாச் சொன்னனா கண்ணு?"

நான் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 4

ஜான்சி காலையிலிருந்து தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை, டிகிரி என்றும் கூப்பிடவில்லை. மதியம் கை கழுவும்போது நானே, என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"எங்கப்பன நீ எடுத்துக்கிட்டே. போவுது, அது என்ன தேஞ்சா போயிரும்? உங்கப்பன எதுக்குப் புள்ள உட்டுக் குடுத்தே?"

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள். ஒரு மூட்டைப் போர்டு கழுவினேன். குளிர்ந்த தண்ணீர்தான். அரிப்பு போகவில்லை.

ஆகஸ்ட் 6

மேடத்திடம் போய் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றேன். இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பி, மூன்றாம் முறை சொன்னேன். அவர் மறுக்கவே இல்லை. அப்பாவைப் பார்த்ததிலிருந்து தனக்கும் தூக்கமில்லை என்றார். என் கண் முன்னாலேயே அழித்தார். "ஆனா எத்தனை பேர் எடுத்துப் போட்டிருக்காங்கன்னு எனக்கே தெரியாதும்மா. அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இனி யாரிடமும் அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டேன். சரி என்றார். பொருள் இனி பழையபடி மெதுவாகத்தான் விற்கும் என்றார். விற்கட்டும்.

ஆகஸ்ட் 9

ஊருக்கு வந்தேன். குண்டடத்தில் நல்ல காற்று. அம்மா கொள்ளு ரசம் வைத்திருந்தாள். அப்பா டியூட்டியில். என் பட்டமளிப்புப் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்கு ஏன் அப்பாவை அந்தப் பழைய சட்டையில் அனுப்பினாய் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். குறை சொல்வது போலவே கேட்டேன்.

அம்மா ரசத்தைக் கலக்கினாள். பிறகு சொன்னாள். அந்தச் சட்டையை அவரேதான் தேடி எடுத்தாராம். பாத்திரக்காரனுக்குப் போடக் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாராம். வெள்ளைச் சட்டையை அம்மா எடுத்து நீட்டியதற்கு, "அதப் போட்டுட்டுப் போனா புள்ள சொன்னது பொய்யாயிருமல்லோ" என்றாராம்.

அம்மாவே மீதியையும் சொன்னாள். ஜூலையில் வண்டியில் ஒரு பாசஞ்சர் வீடியோவைக் காட்டி, ஏனுங்க, இது உங்க புள்ளையாட்ட இருக்குது, அப்பன் குப்பை பொறுக்கினதா சொல்றாங்க என்று கேட்டிருக்கிறார். வண்டியே எட்டிப் பார்த்திருக்கிறது. அப்பா, ஆமாம், கண்டக்டர் ஆவதற்கு முன்னால் கொஞ்ச காலம் என்று சொல்லிவிட்டாராம். மறுநாள்தான் டியூட்டிக்குப் போகாமல் படுத்திருந்தது.

"உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு" என்றாள் அம்மா. தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

அப்பா சாயங்காலம் வந்தார். பணியாரம் வாங்கி வந்திருந்தார்.

ஆகஸ்ட் 10

பல்லடம் வந்து, கோயமுத்தூர் வண்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் அப்பா வண்டியில்தான் ஏறினேன். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அப்பா முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை போய்வந்தார். யாரிடமும் வாய் கொடுக்கவில்லை. என் மகள் என்று யாரிடமும் காட்டவும் இல்லை. முன்பு அதற்காகத்தான் நான் கூசுவேன்.

மில்லுக்குப் போகிற ஒருவருக்கு மீதி கொடுக்கும்போது சில்லறை கைதவறிக் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. காலை மட்டும் நகர்த்திக்கொண்டு, "எடுங் ஆறுச்சாமியண்ணா. உங்களுக்குப் பொறக்கிப் பழக்கந்தானுங்களே" என்றார். பெரிய வன்மம் ஒன்றும் இல்லை. சும்மா ஒரு தமாஷ். நாலைந்து பேர் சிரித்தார்கள். தினமும் நடப்பதுதான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்கப்பா குப்பை பொறுக்கலைங்க" என்றேன்.

வண்டிச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. முன் சீட்டில் கூடையோடு இருந்த அம்மா திரும்பி, "என்ன சொன்னே அம்மிணி?" என்று கேட்டார். ஒருமுறை தானாக வந்துவிட்டது. இரண்டாம் முறை நானாகத்தான் சொல்ல வேண்டும். எல்லாத் தலைகளும் திரும்பியிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பா எப்பவும் கண்டக்டர்தானுங்க. அந்த வீடியோக் கதையில வர்றது வேற ஒருத்தரு. அவரு பேரு சூசை. உக்கடத்துல இருக்காரு, அவருக்கு ஒரு பொண்ணும் இருக்குது. என்னை அவரு பொண்ணுன்னு சொன்னாங்க, நான் இல்லைன்னு சொல்லல. என்னைக் காப்பாத்தத்தான் எங்கப்பா உங்ககிட்ட ஆமான்னு சொன்னாரு."

"அப்பறம் எதுக்குக் கண்ணு இல்லைன்னு சொல்லாம நின்னே?" என்றார் கூடைக்காரம்மா. நியாயமான கேள்வி. "வாய் வரலைங்க" என்று மட்டும் சொன்னேன்.

மில்லுக்குப் போகிறவர் குனிந்து மீதிச் சில்லறையைத் தானே தேட ஆரம்பித்தார்.

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்க்காமல், "போதும், உக்காரு" என்றார். விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு ஊதல். வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் வெறும் சோளக்காடு, ஸ்டாப்பே இல்லை. ஒருவரும் இறங்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஏனுங்ண்ணா, எறக்கமா?" என்றார். அப்பா படியில் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்து நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரட்டை விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது.

நான் உட்காரவில்லை. என் சீட் காலியாகவே கிடந்தது. பல்லடம் வரை நின்றுகொண்டே வந்தேன்.